மார்பிள் தரைக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தவழ்கிற குழந்தை இருப்பதால், வாசனை தூக்கலான தரைத் திரவங்களை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விடையே தண்ணீரில் கலந்து துடைக்கிறோம். அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிதான். டைல்ஸ், அடுப்புப் பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் நன்றாகவே போகிறது.

மார்பிளில்தான் சிக்கல். காய்ந்ததும் வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் மாப் போன வழியெல்லாம் மங்கலாகக் கோடு தெரிகிறது. வெறுங்காலில் நடந்தால் லேசாக ஒட்டுகிறது. சோப்பு தங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். அப்புறம் வெறும் தண்ணீரில் ஒருமுறை துடைத்தால் போதுமா, இரண்டு முறை வேண்டுமா? லிக்விடின் அளவை இன்னும் குறைக்கலாமா? கடின நீரும் ஒரு காரணமாக இருக்குமா?

எலுமிச்சை, வினிகர் யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அமிலம் பட்டால் மார்பிளின் பளபளப்பே அரித்துப் போய்விடும். பிளீச்சிங் பவுடரோடும் எதையும் கலக்க மாட்டேன். அமிலமோ அமோனியாவோ சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

இன்னொரு அறையில் லேமினேட் தரை. இடுக்கில் ஈரம் இறங்கினால் உப்பிவிடும் என்பதால் துணியை ஒட்டப் பிழிந்துதான் துடைக்கிறோம். அதற்கும் இதே கலவை சரியா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.