மறுமொழி: கியாஇ, கஹு, அவுமக்குவா மூன்றுக்கும் 'காவலர்' தானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹவாய் மொழிச் சொற்களுக்குத் தமிழ் தரும் நம் பட்டியலில் கியாஇ, கஹு, அவுமக்குவா மூன்றுக்கும் எதிரே 'காவலர்' என்றே போட்டிருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. 2019 ஜூலையில், ஹவாயின் மௌனா கேயா மலையில் முப்பது மீட்டர் தொலைநோக்கி கட்டக் கூடாது என்று சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் தங்களைக் கியாஇ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள், போராட்டக்காரர் என்ற பெயரை ஏற்கவில்லை. 17ஆம் தேதி போலீஸ் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வயதானவர்களைக் கைது செய்தது. நம் பட்டியலை வைத்து இதை எழுதினால் 'காவலர்களைக் காவலர்கள் கைது செய்தனர்' என்று வரும்! 'காப்பாளர்' என்றால் விடுதி வார்டன் ஞாபகம் வருகிறது. 'காப்போர்' என்று வைக்கலாம், 'மலைகாப்போர்' என்று சேர்த்துச் சொன்னாலும் உறுத்தாது.

கஹு வேறு. சுறாவுக்குத் தீனி போட்டுப் பார்த்துக்கொண்டவர் கஹு, நாய் வளர்ப்பவர் கஹு, இன்றைக்குத் தேவாலயப் போதகரும் கஹு. 'பேணுநர்' என்பது என் பரிந்துரை. பிள்ளையையும் பேணுகிறோம், தெய்வத்தையும் பேணுகிறோம், அந்த இரண்டையும் தாங்குகிற சொல் வேறு எனக்குத் தோன்றவில்லை.

அவுமக்குவாவுக்கு இந்த இழையில் ஏற்கெனவே வந்த 'குலதெய்வம்' சரிதான். செத்துப்போன மூத்தோர் வீட்டைக் காக்கிற தெய்வமாவது நமக்குப் புதிதில்லை, மக்குவா என்றாலே பெற்றோர் தலைமுறைதான். ஆனால் விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். குலதெய்வம், பக்கத்திலேயே சுறா, ஆந்தை என்று படித்ததும் நம்மவர் அதை வாகனம் என்று எடுத்துக்கொள்வார். அங்கே செத்துப்போன தாத்தாவேதான் சுறாவாக வருகிறார், அதனால்தான் அந்த வீட்டார் சுறாக் கறி தின்பதில்லை. அப்புறம், 'அவுமகுவா' என்று ஒற்றைக் ககரம் போட்டால் நாம் 'ga' ஒலியில் வாசித்துவிடுவோம், 'க்க' இருக்கட்டும்.

புழங்கு சொற்களில் தகராறு இல்லை: லானாய் தாழ்வாரம், புக்கா ஓட்டை. 'லேக்கா உய்லா'வுக்கு மட்டும் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். லேக்கா கடிதம், உய்லா என்றால் அவர்களுக்கு மின்னல், மின்சாரம் இரண்டுமே. நம் மின்னஞ்சலை அப்படியே போட்டுவிடலாம்.

'பேணுநர்' பிடிக்காதவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை பட்டியலைத் திருத்தலாம் என்றிருக்கிறேன்.