‘வழங்கு மாநிலம்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் குடியிருந்துகொண்டு வேறு மாநிலத்திடம் வேலையின்மைப் பணம் வாங்குபவருக்கு, அந்த ஆண்டு கிடைத்த பணத்தையும் பிடித்த வரியையும் காட்டும் 1099-ஜி படிவம் வரும். அதன் 10ஏ கட்டத்தில் உள்ள மாநிலத்தை ‘வழங்கு மாநிலம்’ என்றும், குடியிருக்கும் மாநிலத்தை ‘வதிவு மாநிலம்’ என்றும் தமிழில் சொல்லலாமா? பணத்துக்கு ‘வேலையின்மை உதவித்தொகை’ என்றே வைத்துக்கொள்ளலாம் என நினைக்கிறேன்.

* * *

வணக்கம் ஐயா.

‘வதிவு மாநிலம்’ நன்று. ‘வதிவிடம்’ இலங்கையில் ஏற்கெனவே புழங்கும் சொல்.

‘உதவித்தொகை’ வேண்டாம். தமிழ்நாட்டில் அது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்தவருக்குத் தரும் பணம். முன்பு வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் தருவது, வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் காப்பீடு. ‘வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகை’ என்போம். சுருக்கமாக ‘வேலையிழப்புத் தொகை’.

சம்பளத்தோடு உள்ள இந்தத் தொடர்புதான் வரியையும் கூட்டிவருகிறது. நியூ ஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்த்தவருக்கு நியூயார்க் தொகை தரும். நியூ ஜெர்சி அதற்கு வரி போடுவதில்லை; பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். நியூயார்க்கோ தன் எல்லைக்குள் செய்த வேலைக்கான தொகை என்று வெளிமாநிலத்தவரிடமும் வரி கேட்கும். வெளிமாநிலத்தவர் நியூயார்க்குக்குத் தரும் வருமான வரிப் படிவமான ஐடி-203-இல், நியூயார்க் வருமானத்துக்கான நெடுவரிசையிலும் அதை எழுத வேண்டும்.

ஒருவர் இரண்டு மாநிலச் சம்பளத்தையும் சேர்த்து விண்ணப்பித்தால் வழங்குவது ஒரு மாநிலம்தான். அப்போது நியூயார்க் விதிப்படி, எந்தச் சம்பளத்தால் தொகை வந்ததோ அதை மாநிலவாரியாகப் பிரித்த விகிதத்திலேயே தொகையையும் பிரிக்க வேண்டும். 10ஏ கட்டம் இதைக் காட்டாது. ஆகவே வேலை பார்த்த மாநிலத்துக்கு ‘பணியிட மாநிலம்’ என்று தனிச்சொல் தேவை. ‘மூல மாநிலம்’ சரிவராது. ‘மூலத்தில் பிடித்த வரி’யோடு குழம்பும்.

* * *

ஏற்கிறேன் அம்மா. வழங்கு, வதிவு, பணியிட மாநிலம் என மூன்று சொற்களும் இருக்கட்டும்.

1099-ஜியில் மாநிலம் பிடித்த வரியைக் காட்டும் 11ஆம் கட்டத்துக்கு ‘மாநிலப் பிடித்தம்’. அது 10ஏ மாநிலத்தின் கணக்கில் மட்டுமே கழியும். வதிவு மாநிலப் படிவத்தில் எழுதக் கூடாது. 4ஆம் கட்டம் நடுவண் அரசின் பிடித்தம். விரும்பிக் கேட்டால் 10 விழுக்காடு பிடிப்பார்கள். மாநில வரிக்கு அது உதவாது.

பிற மாநிலத்தில் கட்டிய வரிக்காக வதிவு மாநிலம் தரும் கழிவை ‘பிறமாநில வரி ஈடு’ எனலாம். பிடித்தத்தை ஈடு என்று எண்ணிவிடுகிறார்கள்; ஈட்டைப் பிற மாநிலப் படிவத்தில் இறுதியாக வந்த வரியை வைத்தே கணக்கிட வேண்டும். இரு மாநிலமும் வரி போடும் வருமானத்துக்குத்தான் ஈடு. நீங்கள் சொன்ன நியூ ஜெர்சிக்காரர் வேலையிழப்புத் தொகையை ஈட்டுக் கணக்கில் சேர்க்க முடியாது.