பால்மரப் படத்துக்குக் கீழே இருந்த வரி (மலேசிய வாசகர்கள் மாறி மாறி எழுதியது; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மழைக்காலம், சுங்கை சிப்புட்

கோயில் மண்டபத்து ஓவியக் காட்சியை இங்கே சிலராவது பார்த்திருப்பீர்கள். அந்தப் பால்மரப் படம்தான், அதாவது ரப்பர் மரம். ஆளுயரப் பலகை; அதில் மரம், பட்டையில் வெட்டு, பால் வடியும் கிண்ணமான மங்கில் பாதி பால். கீழே ஒன்றாம் ஆண்டுப் பிள்ளை எழுதியதுபோல் குண்டு குண்டாக, 'இது பால்மரம் அல்ல'. பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1929இல் புகைபிடிக்கும் பைப்பை வரைந்து, கீழே 'இது பைப் அல்ல' என்று எழுதிய படம் தெரிந்தவர்களுக்கு மூலம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்போது ஒரு பாட்டி வந்தார். பால் வெட்டியவர் என்பது அவர் நின்று பார்த்த விதத்திலேயே தெரிந்தது. எழுத்துப் பக்கம் கண்ணே போகவில்லை. கட்டைவிரலை வெட்டில் வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தார். "வலது பக்கம் ஆரம்பிச்சு இடது பக்கம் இறக்கியிருக்கானே! பால் குறைஞ்சிடுமே. எந்த மண்டோரு (மேற்பார்வையாளர்) இத பாத்துட்டு சும்மா விட்டான்?" பேரன் கீழே இருந்ததை வாசித்துக் காட்டினான். "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

வரைந்த பையன் பக்கத்திலேயே நின்றான், பாவம். படம் வேறு, பொருள் வேறு என்பதுதான் அவன் சொல்ல வந்தது. பாட்டி சொன்னதோ முற்றிலும் வேறு. ஒரே வரி இரண்டு பேருக்கும் எப்படிப் பொருந்தியது? இதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

பழைய லயம்

பொருந்தவில்லை, தம்பி. மக்ரித் அந்தப் பைப்பை எவ்வளவு சுத்தமாக வரைந்திருக்கிறார் பாருங்கள், கடைப் பலகையில் இருப்பதுபோல. சுவர்க்காகித ஆலையிலும் விளம்பரத்திலும் வேலை பார்த்த கை அது. பைப்பில் ஒரு குறையும் இல்லாததால்தான் 'இது பைப் அல்ல' என்பது உறைக்கிறது. இதில் புகையிலையை அடைக்க முடியுமா என்று அவரே திருப்பிக் கேட்டிருக்கிறார். தப்பாக வரைந்துவிட்டு 'அல்ல' என்று எழுதினால் அதன் பெயர் சாக்கு.

என் கதை ஒன்று. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தபோது, மக்ரித்தின் 'கனவுகளின் திறவுகோல்' படத்தைப் பார்த்துவிட்டு அட்டைகள் செய்தேன். அவர் 1935இல் வரைந்தது. குதிரைக்குக் கீழே 'கதவு', கடிகாரத்துக்குக் கீழே 'காற்று', கூஜாவுக்குக் கீழே 'பறவை'. பெட்டிக்குக் கீழே மட்டும் 'பெட்டி'. பிள்ளைகள் முதல் மூன்றையும் கேள்வி கேட்காமல் உரக்க வாசித்தார்கள். நாலாவது வந்ததும் ஒரு சிறுமி கை தூக்கினாள்: "சார், இது மட்டும் ஏன் தப்பா இருக்கு?" வாயடைத்துப் போனேன். இன்றுவரை அவளுக்கு என்னிடம் பதில் இல்லை.

செம்பனை நிழல், பீடோர்

அண்ணே, சாக்கு என்பது ரொம்பக் கடுமை. பையன் சின்னவன். அவன் காலத்தில் சுற்றிலும் செம்பனைதான் (எண்ணெய்ப் பனை), வெட்டு எந்தப் பக்கம் சாயும் என்று எங்கே பார்த்திருப்பான்?

எடுத்ததற்கெல்லாம் ஐரோப்பாவுக்குப் போகவும் வேண்டாம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1960களில் 'சொற்களும் குறியீடுகளும்' என்று ஒரு வரிசையே வரைந்தார். சென்னையில் அதில் ஒன்றைப் பார்த்தேன். ஜாதகக் கட்டம், கணக்கு, நெருக்கி எழுதிய எழுத்து. பஞ்சாங்கம் பார்ப்பதுபோலக் குனிந்து படித்தேன், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள். வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக ஓடாமல் லேசாகச் சாய்ந்து ஓடுகின்றன. இப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். அப்புறம், எழுத்துக்கு இடத்தை முதலிலேயே ஒதுக்கணும். படம் முடிந்தபின் மிச்சமிருக்கும் மூலையில் திணித்தால் விலைச்சீட்டு மாதிரிதான் இருக்கும். அச்சு வெட்டி எழுத வேண்டாம். மரத்தைத் தீட்டிய அதே தூரிகையால், அதே சாயத்தால் எழுதட்டும், அப்போதுதான் வரியும் படத்துக்குள் சேரும். முக்கியமாக, பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவே கூடாது. பார்ப்பவர் குழம்பட்டும். குழப்பத்தைத் தீர்த்துவைத்தால் ஓவியம் அத்தோடு முடிந்தது. இன்னொன்று, சட்டம் போடுவதாக இருந்தால் மெல்லியதாகப் போடச் சொல்லுங்கள்.

மழைக்காலம், சுங்கை சிப்புட்

சட்டம் பற்றி யார் கேட்டது அண்ணே! சரி, மற்றதைப் பையனிடம் காட்டினேன். வெட்டைத் திருத்தப் போகிறானாம், வரியில் கை வைக்க மாட்டானாம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பழைய லயம் சொன்னதில் எனக்குச் சம்மதமானது இது ஒன்றுதான்: மரம் பிசகில்லாமல் இருந்தால்தான் அந்த 'அல்ல'வுக்கு உயிர் வரும். புகைப்படத்தைப் பார்த்து வரைய அவனுக்கு இஷ்டமில்லை. எங்கள் பக்கம் பால்மரமே இல்லை. இன்னும் வெட்டு நடக்கிற சிறுதோட்டம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், விடியுமுன் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.