சொட்டுக் கணக்கில் 41.67 என்று எழுதினால் ஃபெயிலா?

தூக்கம்கெட்டவள்

நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சமீபத்தில் மருந்துக் கணக்குத் தேர்வு நடந்தது. எங்கள் கல்லூரியில் அதில் நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் பாஸ். ஒரு கணக்கு தவறினாலும் ஃபெயில். நான் மாட்டிக்கொண்ட கணக்கு இது: ஒரு லிட்டர் சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஐவி செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம், வகுத்தால் 41.67. அதையே எழுதினேன். சிவப்பு மையில் அடித்து 42 என்று போட்டிருக்கிறார்கள்.

முழு எண்ணாக்கி எழுதச் சொல்லி வினாத்தாளிலும் இல்லை, வகுப்பில் சொன்னதாக யாருக்கும் ஞாபகமும் இல்லை. போய்க் கேட்டால் "இதுகூடத் தெரியாமலா வார்டுக்குப் போகிறாய்" என்று திட்டுதான் கிடைத்தது. மறுதேர்வு ஒரே முறை. அதிலும் போனால் ஜூனியர்களோடு உட்கார்ந்து வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

கஷ்டமான படிப்பு என்று தெரிந்துதான் சேர்ந்தேன். காலையில் போஸ்டிங் என்கிற வார்டுப் பயிற்சி, மதியம் வகுப்பு, இரவில் கேர் பிளான் எழுதுவது, இதிலெல்லாம் எனக்குப் புகார் கிடையாது. இது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

வார்டு அக்கா

0.67 சொட்டை விட்டுக் காட்டு தங்கச்சி, நானும் பார்க்கிறேன்.

சலைன் பாட்டிலுக்குக் கீழே நின்று, ஒரு கையில் ரோலரைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணும்போது முழுச் சொட்டுதான் விழும். உனக்கு வகுத்தல் தெரிந்திருக்கிறது. ஆனால் எழுதும்போது பாட்டில் கண் முன்னால் வரவில்லை. அது வருகிறதா என்று பார்க்கத்தானே தேர்வு?

நூறு கேட்பது கொடுமை என்று இனி ஒரு கூட்டம் கிளம்பும், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 250 மில்லியில் 25,000 யூனிட் ஹெப்பாரின், அதாவது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கலந்திருக்கிறது, மணிக்கு 1,200 யூனிட் போக வேண்டும். மணிக்கு 12 மில்லி. அவசரத்தில் பம்பில் 120 என்று அழுத்திவிட்டால் பத்து மடங்கு, நோயாளிக்கு எங்கிருந்து ரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது. பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2018-ல் கொண்டுவந்த கல்வித் தரவிதிகளிலும் மருந்துக் கணக்குக்கு நூறு சதவீதம்தான் கேட்கிறார்கள். உங்கள் கல்லூரி மட்டும் புதிதாகக் கண்டுபிடித்த வதை இல்லை இது.

கடைசி பெஞ்ச்

அக்கா, 12-க்குப் பதில் 120 போட்டால் ஆள் போய்விடுவார். 41.67 எழுதியவள் வார்டில் 42 விடுவாள், மிஞ்சினால் 41. இரண்டுக்கும் ஒரே தண்டனை என்றால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது? நூறு வேண்டும் என்று சொல்லுங்கள், யாரும் மறுக்கவில்லை. அந்த நூறை எப்படித் திருத்துவீர்கள் என்று தேர்வுக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறாள்.

எழுத்துத் தேர்வாவது பரவாயில்லை, தாளைக் காட்டிச் சண்டை போடலாம். வார்டுப் பயிற்சிக்குப் போடும் கிளினிக்கல் மதிப்பெண்ணுக்கு என்ன செய்வது? "தொழில்முறை நடத்தை" என்று ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் பேட்ச்சில் ஒருவன் மருந்து டோஸ் பற்றிச் சந்தேகம் கேட்டதற்கு "எதிர்த்துப் பேசுகிறான்" என்று அதில் குறைத்தார்கள். சந்தேகம் கேட்காத இன்னொருத்தியை "ஆர்வமில்லை" என்று குறைத்தார்கள். கேட்டாலும் தப்பு, கேட்காவிட்டாலும் தப்பு. கடைசி வருட மாணவனாகச் சொல்கிறேன், இங்கே பாடத்தைப் படிப்பதைவிட யார் டியூட்டியில் இருக்கும்போது என்ன பேசலாம் என்று படிப்பதுதான் பெரிய பாடம்.

பழைய டியூட்டர்

பல வருடம் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள். சொட்டுக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். முழு எண்ணில் விடை வேண்டுமென்றால் கேள்வியிலேயே எழுத வேண்டும். எழுதாதது கேள்வி தயாரித்தவர் பிழை. நான் இருந்திருந்தால் இரண்டு விடைக்கும் மார்க் போட்டிருப்பேன். எழுத்து மூலம் மறுபரிசீலனை கேட்கவும், வினாத்தாளின் நகலை இணைக்கவும், குரலை உயர்த்தாமல் கேட்கவும்.

ஆனால் தம்பி சொல்லும் "ஆசிரியர்கள் ஃபெயில் போட அலைகிறார்கள்" தொனியை ஒத்துக்கொள்ள முடியாது. நடப்பது பெரும்பாலும் தலைகீழ். 2003-ல் பிரிட்டனில் கேத்லீன் டஃபி என்பவர் செய்த ஆய்வில், ஃபெயில் ஆக வேண்டிய மாணவர்களை வார்டு பயிற்சியாளர்கள் பாஸ் போட்டு அனுப்பியது தெரியவந்தது. முதல் வருடத்தில் "பாவம், போகப்போகச் சரியாகிவிடும்" என்பார்கள். கடைசி வருடத்தில் "இவ்வளவு தூரம் வந்துவிட்டாளே" என்பார்கள். நானும் அந்த இரண்டு வாக்கியங்களையும் ஊழியர் அறையில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு மாணவியை ஃபெயில் போட்டால் அறிக்கை, விளக்கம், பெற்றோர் சந்திப்பு, மேல்முறையீடு. பாஸ் போட்டால் ஒரு கையெழுத்து. எது சுலபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. தேர்வாளரின் மூடுக்கும் அன்றைக்குக் கிடைத்த நோயாளிக்கும் ஏற்ப மார்க் மாறக்கூடாது என்றுதான் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வே வந்தது. 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் குழுவும் மருத்துவ மாணவர்களுக்காக உருவாக்கியது, பிறகு நர்சிங்குக்கும் வந்தது. எல்லாருக்கும் அதே மேசைகள், அதே நேரம், அதே சரிபார்ப்புப் பட்டியல். என் மாணவி ஒருத்தி ஊசி போடும் மேசையில் கை கழுவியதிலிருந்து ஊசியை அதற்கான டப்பாவில் போட்டது வரை அழகாகச் செய்தாள். நோயாளியின் பெயரைக் கேட்கவில்லை, மணிக்கட்டுப் பட்டையையும் பார்க்கவில்லை. அது தவறினால் மொத்தமும் ஃபெயில் என்பது விதி. ஃபெயில் போட்டேன். அழுதாள். இன்று அதே நிலை வந்தாலும் அப்படித்தான் போடுவேன்.

தூக்கம்கெட்டவள்

மேடம், அந்தப் பட்டை விதி அவளுக்கு முன்பே தெரியுமா?

பழைய டியூட்டர்

தெரியும். பட்டியலில் தடித்த எழுத்தில் இருந்தது, செய்முறை வகுப்பில் ஒவ்வொரு முறையும் சொல்லியிருக்கிறோம்.

தூக்கம்கெட்டவள்

அப்படியானால் அதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. நானாக இருந்தாலும் அழுதுவிட்டு மறுதேர்வுக்குப் போயிருப்பேன். என்னுடையது பட்டியலில் இல்லாத விதி.

வார்டு அக்கா

சரி, கணக்கை விடுவோம். உன் பெயரையே பார், தூக்கம்கெட்டவள். இப்போதெல்லாம் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே தூக்கம், மன அழுத்தம் என்றுதான் முடிகிறது. நர்ஸ் படித்தவளாக இருப்பது உயிர் விஷயம். 2014-ல் லின்டா எய்க்கன் குழு 9 ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. பட்டம் பெற்ற நர்சுகளின் விகிதம் 10 சதவீதம் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது. படிப்பை இளக்கச் சொல்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

கடைசி பெஞ்ச்

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லிவிடுங்கள் அக்கா. ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது. அதாவது களைத்துப்போன ஆள் எவ்வளவு படித்திருந்தாலும் ஆபத்து. மாணவன் களைத்தால் மட்டும் அது பயிற்சியா?

யாரும் படிப்பை இளக்கச் சொல்லவில்லை. போஸ்டிங்கில் எவ்வளவு நேரம் படிப்பாக இருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம், அதில் பாதியாவது நேரடிப் பயிற்சி. கேட்க நன்றாக இருக்கிறது. எந்த நாட்டு விதியாக இருந்தாலும், அந்த மணி நேரத்தில் லேபுக்கு ரத்த சாம்பிள் தூக்கிக்கொண்டு ஓடுவது, ஃபைல் தேடுவது, படுக்கை விரிப்பது, எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது எல்லாம் அடக்கம். படுக்கை விரிக்கப் பழக வேண்டும்தான். அதை மூன்றாம் வருடத்திலும் பழகிக்கொண்டே இருக்க வேண்டுமா? ஸ்ட்ரோக் நோயாளிக்கு விழுங்கும் திறனை எப்படிச் சோதிப்பது என்று பார்க்கப் போன அன்று என்னை லிஃப்ட் பக்கம் அனுப்பிவிட்டார்கள். லாக் புக்கில் "பார்த்தேன்" என்று கையெழுத்து மட்டும் கிடைத்தது.

இது புதுப் புலம்பலும் இல்லை. நர்சிங் கல்வி பற்றி அமெரிக்காவில் 1923-ல் வந்த கோல்ட்மார்க் அறிக்கையே இதைத்தான் சொன்னது: மாணவிகளின் கல்வி, மருத்துவமனையின் ஆள் தேவைக்குப் பலியாகிறது. நூறு வருடம் தாண்டிவிட்டது.

பிள்ளைக்காரி

இடையில் நுழைகிறேன். கல்யாணமாகி, குழந்தை பிறந்த பிறகு படிக்க வந்தவள் நான். பாடம் கஷ்டமாக இல்லை. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு வாட்ஸப்பில் "திங்கள் முதல் நைட் போஸ்டிங்" என்று ரோஸ்டரை மாற்றுகிறார்கள், அதுதான் கஷ்டம். குழந்தையை யாரிடம் விடுவது? வராவிட்டால் அட்டெண்டன்ஸ் போகும், அட்டெண்டன்ஸ் போனால் தேர்வு எழுத முடியாது. இதில் எந்த நோயாளியின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது என்று யாராவது விளக்குங்கள்.

வார்டு அக்கா

ரோஸ்டரை முன்கூட்டியே போடலாம், அதில் உன் பக்கம்தான். வேலைக்கு வந்த பிறகும் கடைசி நேரத்தில் மாறும் என்பதையும் தெரிந்துகொள்.

தம்பி, லிஃப்ட் கதை சொன்னாய். நான் ஒன்று சொல்கிறேன். ஒரு மாணவனிடம் ஆறு படுக்கைக்கு வைட்டல்ஸ் எடுக்கச் சொன்னேன். பிபி, நாடி எல்லாம் வெவ்வேறாக இருந்தது. சுவாசம் மட்டும் ஆறு பேருக்கும் 20. நிமோனியாவில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பெரியவருக்கும் 20. நான் நின்று எண்ணினேன், 34. ஒரு நிமிடம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும், அதற்கு மெஷின் இல்லை, அதனால் எழுதிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பையனுக்கு "நடத்தை" கட்டத்தில் குறைத்தேன். அவனும் எங்கேயாவது போய் "அக்காவுக்கு என் முகம் பிடிக்கவில்லை" என்று எழுதியிருப்பான்.

கடைசி பெஞ்ச்

அவனுக்குக் குறைத்தது சரி. ஆனால் எல்லாருக்கும் 20 போடுவதை அவன் எந்தப் புத்தகத்தில் படித்தான்? வார்டு சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள், வேலை பார்ப்பவர்கள் எழுதியதும் பாதி 20 தான். மாணவன் செய்தால் ஃபெயில், ஸ்டாஃப் செய்தால் வழக்கம்.

படுக்கை எண் 12

நான் நர்சும் இல்லை, மாணவனும் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து நீண்ட நாள் வார்டில் கிடந்தவன். ராத்திரியில் வலிக்கிறது என்று சொன்னபோது உட்கார்ந்து கேட்டது மாணவிகள்தான். ஸ்டாஃபுக்கு நேரமே இல்லை, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு மாணவி நரம்பு கிடைக்காமல் மூன்று தரம் குத்தினாள். பக்கத்தில் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவளுக்கும் நடுக்கம், எனக்கும் நடுக்கம். அவளை எப்படி மார்க் போடுவது என்று இங்கே பேசுகிறீர்கள். அவள் தனியாக வந்ததற்கு யாருக்கு மார்க் குறைப்பது?

பழைய டியூட்டர்

இந்தக் கேள்விக்குப் பிறகு நான் சொல்ல வந்தது கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

கிளினிக்கலில் ஃபெயில் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. போஸ்டிங்கின் பாதியிலேயே என்ன குறை என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், திருத்திக்கொள்ள அவகாசம் தர வேண்டும், கடைசி முடிவில் இரண்டாவது ஆள் ஒருவர் உட்கார வேண்டும். "மனப்பான்மை சரியில்லை" என்று எழுதினால் செல்லாது. "ஆறு படுக்கைக்கும் எண்ணாமல் 20 எழுதினார்" என்று எழுதினால் செல்லும். சிஸ்டர் இரண்டாவது மாதிரி எழுதியிருந்தால் அந்தப் பையன் முகத்தைப் பற்றிப் பேசியிருக்க முடியாது.

ஒரே ஒரு தேர்வை வைத்து மாணவரின் தலையெழுத்தை முடிவு செய்யாதீர்கள் என்று அமெரிக்காவின் தேசிய நர்சிங் லீக் 2012-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. அங்கே உரிமத் தேர்வான என்கிளெக்ஸில்கூட, பல சரியான விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு 2023 முதல் பகுதி மார்க் கொடுக்கிறார்கள். முன்பு ஒன்று விட்டாலும் பூஜ்யம். தரம் விழுந்துவிட்டது என்று அதற்காக அந்தத் தேர்வை யாரும் மூடவில்லை.

கடைசி பெஞ்ச்

மேடம் சொன்ன அந்த "இரண்டாவது ஆள்" எங்கள் கல்லூரியில் வந்தால் நான் இந்தத் திரியில் எழுதியதில் பாதியை அழித்துவிடுவேன். ஆனால் எனக்குக் கற்றுக்கொடுப்பவரே மார்க்கும் போடுவது இன்னமும் உறுத்துகிறது. அவரிடம் "எனக்கு இது தெரியாது" என்று எவன் வாய் திறந்து சொல்வான்? தெரிந்த மாதிரி நடிப்பான். அப்புறம் படுக்கை எண் 12 கையில்தான் குத்துவான்.

வார்டு அக்கா

கற்றுக்கொடுக்க ஒருத்தர், மார்க் போட ஒருத்தர் என்று பிரித்தால் எனக்குச் சந்தோஷம்தான். கட்டம் நிரப்புகிற வேலை ஒன்று குறையும். ஆனால் ஆள் எங்கே? பன்னிரண்டாம் படுக்கைக்காரர் கேட்டதற்கும் இதுதான் பதில்: அந்த மாணவி பக்கத்தில் நிற்க வேண்டியவள் வேறு படுக்கையில் இருந்திருப்பாள். மாணவர்களை என்னிடம் அனுப்பும் நாளில் எனக்கு இரண்டு நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், நரம்பு பிடிப்பதிலிருந்து சுவாசம் எண்ணுவது வரை பக்கத்தில் நின்று காட்டுகிறேன். அதைக் கேட்டு மனு எழுதுவதானால் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள் தம்பி. நைட் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, பதில் போட்டிருந்தால் காலையில் பார்க்கிறேன்.