ஜிசிசி 14: "ஒரு வரி வேலை" என்றவர் இங்கே வந்து பதில் சொல்லட்டும்

கரிசல்மண்:
நேற்று வேறொரு இழையில் சுட்டிப்பயல் எழுதியது இது: "ஜிசிசி 14-க்கு மாறுவது ஒரு வரி வேலை. விட்டுப்போன ஹெடரைச் சேர்த்தால் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை ஒப்பாரி?" படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜிசிசி என்பது சி நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர். ஹெடர் என்பது ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஃபைல். அறிவிக்காத ஒரு ஃபங்ஷனைச் சி நிரலில் அழைத்தால், ஜிசிசி 13 வரை எச்சரிக்கை மட்டும்தான் வரும். "இது இன்ட் (முழு எண்) தரும்" என்று கம்பைலரே எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். 2024 மே 7-ல் வந்த 14.1 அதையே பிழையாக்கி பில்டையே (நிரலை உருவாக்கும் வேலையை) நிறுத்திவிடுகிறது. பாயிண்டரில் (நினைவக முகவரியை வைக்கும் மாறி) இன்ட்டைப் போட்டாலும் பிழை, பொருந்தாத பாயிண்டர்களைக் கலந்தாலும் பிழை. நான் பராமரிப்பது ஒரு பஞ்சாலையின் தறிகளிலிருந்து சீரியல் போர்ட் வழியாகக் கணக்கு எடுக்கும் நிரல். 2003-ல் எழுதியது. புது கம்பைலரில் போட்டேன், பிழைகள் இருநூற்றைத் தாண்டின. இதுவா ஒரு வரி?

சுட்டிப்பயல்:
வந்துவிட்டேன். சொன்ன சொல்லில் மாற்றமில்லை, ஒரு வரிதான். அறிவிக்காமல் அழைக்கும் வழக்கத்தைச் சி மொழியின் 1999 தரத்திலேயே நீக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருஷம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். ஆப்பிளின் எக்ஸ்கோட் 12 இதை 2020-லேயே பிழையாக்கியது, இன்னொரு கம்பைலரான கிளாங் 16 2023 மார்ச்சில் ஆக்கியது. ஜிசிசிதான் கடைசி. ஹெடர் போடாமல், நினைவகம் ஒதுக்கி முகவரி தரும் மால்லாக்கை அழைத்தால் 64 பிட் முகவரி 32 பிட் இன்ட்டாக வெட்டுப்படும், நிரல் எங்கோ போய் விழும். அந்த ஆபத்தைத்தான் இப்போது தடுக்கிறார்கள். இருநூறு பிழையா? இருபது வருஷம் எச்சரிக்கையைப் படிக்காமல் இருந்ததற்கான வட்டி அது.

கரிசல்மண்:
மால்லாக்கா? தம்பி, அடிப்படையே தப்பு. மால்லாக் ஜிசிசிக்கு உள்ளேயே தெரிந்த ஃபங்ஷன். ஹெடர் இல்லாவிட்டாலும் சரியான வகையை அதுவே எடுத்துக்கொள்ளும், முகவரி வெட்டுப்படாது. பாடம் எடுக்க வந்தவர் முதல் உதாரணத்திலேயே வழுக்கி விழுந்துவிட்டார்.

சரி, வெட்டுப்படும் உதாரணத்தை நான் தருகிறேன். ஸ்ட்ரிப்டைம். எழுத்தில் உள்ள நேரத்தைப் படித்துவிட்டு ஒரு முகவரியைத் திருப்பித் தரும் ஃபங்ஷன். டைம் ஹெடரைச் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன், உங்கள் ஒரு வரி அங்கேயே இருக்கிறது. ஆனாலும் பிழை வருகிறது. ஏனென்றால் லினக்ஸில் எக்ஸ்ஓபன்-சோர்ஸ் என்ற மேக்ரோவை (ஒரு குறிச்சொல்) ஹெடருக்கு மேலே வரையறுக்காவிட்டால் ஸ்ட்ரிப்டைம் வெளியே தெரியாது. ஆக இரண்டு வரி.

சுட்டிப்பயல்:
மேக்ரோவும் ஒரு வரிதானே?

கரிசல்மண்:
ஹெடர் ஒன்று, மேக்ரோ ஒன்று. ஒன்றும் ஒன்றும் இரண்டு. 2020-ல் ஜிசிசி 10 வந்தபோதும் இதே ஆட்டம்தான். ஹெடரில் இருந்த குளோபல் மாறிகள் (நிரல் முழுதுக்கும் பொதுவானவை) எல்லா ஃபைலிலும் இரட்டிப்பாகி, ஃபைல்களை இணைக்கும் லிங்கர் கத்தியது. "எக்ஸ்டெர்ன் என்று ஒரு வார்த்தை போடுங்கள்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு நான்கு நாள் ஆனது. மறக்கவில்லை.

வைகைக்கரை:
இருவருமே பாதிப் பாதி சொல்கிறீர்கள். இவ்வளவு வருஷம் இந்த நிரல்கள் எப்படி ஓடின என்பதைப் பாருங்கள். முன்பெல்லாம் நிரல் நினைவகத்தின் கீழ்ப்பகுதியில் நிலையான இடத்தில் ஏறும். குளோபல் மாறியின் முகவரி 32 பிட்டுக்குள் அடங்கிவிடும், வெட்டினாலும் நஷ்டமில்லை. உபுண்டு 16.10, டெபியன் 9 காலத்தில்தான் எங்கு வேண்டுமானாலும் ஏறும் வகையிலான பில்ட் இயல்பானது. அதன் பிறகு அதே நிரல் விழ ஆரம்பித்தது. பழி மட்டும் கம்பைலர் மேல் விழுகிறது. அப்புறம், 14-ல் அனலைசர், அதாவது ஓட்டாமலே பிழை தேடும் பகுதி, நன்றாக முன்னேறியிருக்கிறது. பஃபர் (ஒதுக்கிய நினைவக இடம்) எங்கே எத்தனை பைட் நிரம்பி வழிகிறது என்று எழுத்துகளாலேயே படம் வரைந்து காட்டுகிறது. அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

சொல்லேர்:
கம்பைலர், ஹெடர், பில்ட் என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். கம்பைலருக்குத் தொகுப்பி என்ற அழகான சொல் இருக்கிறதே?

கரிசல்மண்:
சொல்லேர் ஐயா, தொகுப்பி என்று எழுதினால் என் ஸ்ட்ரிப்டைம் வேலை செய்யுமா? அந்தச் சண்டையைத் தனி இழையில் வையுங்கள்.

சொல்லேர்:
தமிழில் பேசும் இடத்தில் தமிழ்ச்சொல் கேட்டால் அது சண்டையா? பாயிண்டருக்குத் தமிழே சுட்டிதான். "சுட்டி" என்று பெயர் வைத்துக்கொண்டவரே பாயிண்டர் என்று எழுதும் இடத்தில் வேறு என்ன எதிர்பார்ப்பது?

சுட்டிப்பயல்:
பாயிண்டர் என்று எழுதியது கரிசல் அண்ணன், நான் இல்லை. மேலே போய்ப் பாருங்கள். குற்றம் சாட்டும் முன் படிக்க வேண்டும்.

கரிசல் அண்ணா, உங்கள் கோபம் ஜிசிசி மேல் இல்லை. டர்போ சி என்ற பழைய கம்பைலரின் நீலத் திரையில், தரத்தில் இல்லாத கோனியோ ஹெடரும் வாய்டு மெயினுமாகச் சி படித்த தலைமுறை நீங்கள். அங்கே ஓடினால் சரி என்று பழகியவர்களுக்குத் தரம் என்றாலே கசக்கும். அவசரம் என்றால் எஃப்-பெர்மிசிவ் ஃபிளாக்கை (கம்பைலருக்குத் தரும் குறிப்பு) மேக்ஃபைலில் (பில்ட் விதிகள் உள்ள ஃபைல்) போடுங்கள். பிழைகள் பழையபடி எச்சரிக்கையாகிவிடும். அதுவும் ஒரு வரி.

கரிசல்மண்:
நீலத் திரையில் படித்தவன் எழுதியதுதான் இருபது வருஷமாக இரவும் பகலும் ஓடுகிறது. நீங்கள் எழுதியது எதுவாவது இருபது வருஷம் ஓடியிருக்கிறதா?

ஃபிளாக் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பதிவில் "ஆபத்தைத் தடுக்கிறார்கள்" என்றீர்கள். இப்போது தடுப்பை எடுத்துவிடு என்கிறீர்கள். எதில் நிற்கிறீர்கள்? ஃபிளாக் போட்டால் ஸ்ட்ரிப்டைம் திரும்பவும் இன்ட் தருவதாகவே எடுத்துக்கொள்ளப்படும், முகவரி திரும்பவும் வெட்டுப்படும். அது திருத்தமே இல்லை.

பொன்னிநாடன்:
கரிசல் அண்ணன் பக்கம் இன்னொன்றைச் சேர்க்கிறேன். பில்டுக்கு முன் ஓடும் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து "இந்த வசதி இருக்கிறதா" என்று பார்க்கும். அந்தக் குட்டி நிரலிலேயே மெயினுக்கு முன் இன்ட் இருக்காது. ஜிசிசி 14-ல் அதுவும் பிழை என்பதால் சோதனை தோற்கும். உடனே ஸ்கிரிப்ட் "வசதி இல்லை" என்று முடிவு கட்டிவிடும். பில்ட் வெற்றி என்று காட்டும், வசதி மட்டும் காணாமல் போயிருக்கும். பிழைச்செய்தியே வராத இடத்தில் எந்த வரியைச் சேர்ப்பது?

கரிசல்மண்:
கேட்டீர்களா சுட்டிப்பயல்? எந்த வரி?

சுட்டிப்பயல்:
கான்ஃபிகர் லாகை (சோதனைகளின் பதிவு) எடுத்துப் படித்தால் தெரியும். படிக்கும் பழக்கம் இருந்தால். சரி, நான் ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அந்த இருநூறு பிழையில் உண்மையான பிழை எத்தனை?

கரிசல்மண்:
மூன்று. அதில் ஒன்று, மூன்று ஆர்குமென்ட் (உள்ளீடு) வாங்கும் ஃபங்ஷனுக்கு இரண்டே அனுப்பிய பழைய அழைப்பு. அதுவா இங்கே கேள்வி? ஒரு வரியா இல்லையா என்பதுதான் கேள்வி.

சுட்டிப்பயல்:
ஆஹா! இருபது வருஷம் இரவும் பகலும் ஓடிய நிரலில் ஒரு ஆர்குமென்ட் குறைவு. ஹெடரில் ஒரு வரி அறிவிப்பு இருந்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஒரு வரி!

வைகைக்கரை:
"உடைந்தது" என்றால் என்ன என்று முதலில் ஒரு முடிவுக்கு வரலாமா? கம்பைல் ஆகாததா, தப்பாக ஓடுவதா? அது தெரியாமல்...

கரிசல்மண்:
வைகை, குறுக்கே வராதீர்கள், அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

மூன்று பிழையைப் பிடித்துக் கொடுத்ததை நான் மறுக்கவில்லை. மீதி எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் யார் கொடுப்பது? முழுக் கணக்கையும் கேளுங்கள். எக்ஸ்ஓபன்-சோர்ஸ் மேக்ரோவைப் போட்டேன், ஸ்ட்ரிப்டைம் சரியானது. ஆனால் அந்த மேக்ரோவை நாமே வரையறுத்தால் லினக்ஸ் இயல்பாகத் தரும் மற்றவை மறைந்துவிடும். சீரியல் போர்ட்டுக்கு வேண்டிய சிஎஃப்மேக்ரா ஃபங்ஷனைக் காணோம். முன்பு எச்சரிக்கையோடு போயிருக்கும், இப்போது பிழை.

சுட்டிப்பயல்:
அதற்குப் பதில் ஜிஎன்யு-சோர்ஸ் என்று போடுங்கள். ஸ்ட்ரிப்டைமும் வரும், சிஎஃப்மேக்ராவும் வரும். ஒரே வரி.

கரிசல்மண்:
போடாமல் இருந்திருப்பேனா? போட்டேன். பிழை எண்ணுக்கு விளக்கம் தரும் ஸ்ட்ரெரர்-ஆர் ஃபங்ஷன் மாறிவிட்டது. இன்ட் தந்துகொண்டிருந்தது, அந்த மேக்ரோ வந்ததும் கேரக்டர் பாயிண்டர் (எழுத்துகளின் முகவரி) தருகிறது. விடையை நான் இன்ட்டில் வாங்குகிறேன். அது ஜிசிசி 14-ல் இன்னொரு பிழை. எத்தனை வரி ஆயிற்று?

பொன்னிநாடன்:
இதோடு முடியவில்லை அண்ணா. 2025 ஏப்ரலில் வந்த 15.1-ல் சி மொழியின் புதிய தரமான சி23 இயல்பாகிவிட்டது. ஃபங்ஷன் அறிவிப்பில் வெற்று அடைப்புக்குறி என்றால் ஆர்குமென்டே கிடையாது என்று அர்த்தம். பூல் என்று ஒரு வகையை நாமே டைப்டெஃப் செய்திருந்தால் (பெயரிட்டிருந்தால்) அதுவும் பிழை.

கரிசல்மண்:
பூல் டைப்டெஃப் என்னிடம் பதினோரு ஃபைலில் இருக்கிறது.

சுட்டிப்பயல்:
பதினொன்றையும் ஒரே ஹெடருக்கு மாற்றுங்கள். ஸ்ட்ரெரர்-ஆர் விடையைக் கேரக்டர் பாயிண்டரில் வாங்குங்கள். அதுவும் ஒரு வரி.

கரிசல்மண்:
ஹெடர் ஒன்று, மேக்ரோ இரண்டு, ஸ்ட்ரெரர்-ஆர் மூன்று. அதை அழைக்கும் இடங்கள் ஒன்பது. எண்ணத் தெரிந்தவர் யாராவது இருந்தால் கூட்டிச் சொல்லுங்கள்.

சொல்லேர்:
தொகுப்பி.