ஓவியம், போட்டோ பாக்கத் தெரியல, எப்படிக் கத்துக்கறது?

மொட்டைமாடி எழுதியது:

சிரிக்காதீங்க ப்ளீஸ். வயசு 31, ஐடி வேலை. ஸ்கூல்ல டிராயிங் பீரியட் வந்தா மேத்ஸ் மிஸ் வந்து உக்காந்துப்பாங்க, அதனால படம்னா எனக்கு ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஓரமா ஒரு தென்னமரம், அவ்ளோதான் தெரியும். போன மாசம் ஆபீஸ் வேலையா ஆம்ஸ்டர்டாம் போனப்ப ஒரு ஞாயித்துக்கிழமை சும்மாதான இருக்கோம்னு அங்க இருக்கற ரைக்ஸ்மியூசியம்ன்ற பெரிய மியூசியத்துக்குப் போனேன். அங்க வெர்மீர்னு பழைய டச்சு ஓவியர் வரைஞ்ச பால் ஊத்துற அம்மா படம் இருக்கே, அதுக்கு முன்னாடி ரேஷன் கடை மாதிரி கூட்டம். முண்டியடிச்சு போய் பாத்தா, ஒரு அம்மா சட்டியில பால் ஊத்துறாங்க. சரி. அப்புறம்? போன்ல ஒரு க்ளிக், நகர்ந்துட்டேன். பக்கத்துல ஒரு பெரியவர் நான் வரும்போதும் நின்னுட்டு இருந்தார், ஒரு ரவுண்டு சுத்திட்டு திரும்பி வரும்போதும் அதே இடத்துல நிக்கிறார். அந்த ஆளுக்கு என்னதான் தெரியுது அதுல?

போட்டோவும் இதே கதைதான். உலகப் புகழ் பெற்ற போட்டோன்றாங்க, எனக்கு என் போன்ல இருக்கற மாதிரியேதான் தெரியுது. யூட்யூப்ல ரூல் ஆஃப் தேர்ட்ஸ்னு படத்த ஒன்பது கட்டமா பிரிச்சு குறுக்க நெடுக்க கோடு போட்டு காட்றாங்க, கோடு நல்லா தெரியுது, படம்தான் தெரியல. எங்கேருந்து ஆரம்பிக்கறது?

கரித்துண்டு எழுதியது:

தம்பி, அதே படத்துலேருந்தே ஆரம்பிப்போம், மியூசியம் சைட்ல பெருசா இலவசமாவே போட்டிருக்காங்க, லேப்டாப்ல தொறந்து வெச்சுக்கோ. ஒரே ஒரு கண்டிஷன். இதுக்கு என்ன அர்த்தம், இது ஏன் ஃபேமஸ்னு பத்து நிமிஷத்துக்கு கேக்கவே கூடாது. என்ன இருக்குன்னு மட்டும் ஒரு பேப்பர்ல எழுது, மளிகை லிஸ்ட் எழுதற மாதிரி. கூடை, பித்தளைப் பாத்திரம், ரொட்டி, நீல ஏப்ரன், தரையில கால் சூடு பண்ற ஒரு மரப்பெட்டி, அதுக்குப் பின்னாடி சுவரோரமா குட்டி குட்டி டைல்ஸ், அதுல ஒண்ணுல வில்லோட ஒரு மன்மதன். முதல் பத்து ஐட்டம் ரெண்டு நிமிஷத்துல வந்துடும், அதுக்கப்புறம் வர்றதுதான் விஷயம். சுவர்ல ஒரு ஆணி அடிச்சிருக்கு, அந்த ஆணிக்கு நிழல் கூட இருக்கு, பக்கத்துல ஆணி புடுங்கின ஓட்டைங்க. வெறும் சுவருக்கு ஒரு மனுஷன் எவ்ளோ நேரம் செலவு பண்ணியிருக்கான் பாரு.

லிஸ்ட் முடிஞ்சப்புறம் வெளிச்சத்துக்கு வா. ஜன்னல் இடது பக்கம். அந்தம்மா மேல வெளிச்சம் படுற பக்கத்துக்குப் பின்னாடி சுவர் மங்கலா இருக்கும், நிழல் விழற பக்கத்துக்குப் பின்னாடி சுவர் பளிச்னு இருக்கும். இது தானா அமையறதில்ல, வேணும்னே வெச்சது, அதனாலதான் ஆள் சுவரை விட்டுப் பிரிஞ்சு முன்னாடி நிக்கற மாதிரி தெரியுது. அதுவும் போதாதுன்னு வலது தோள் ஓரமா கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருக்கார், ஜூம் பண்ணா மாட்டும். ரொட்டி மேல பாரு, குட்டி குட்டி வெளிச்சப் புள்ளிங்க, நெஜ ரொட்டியில அப்படி இருக்காது, ஆனா தள்ளி நின்னு பாத்தா மொறு மொறுன்னு தெரியும். மொத்த படமே 45.5 க்கு 41 சென்டிமீட்டர்தான், அதுக்குள்ள இத்தனை வேலை. அந்த அறையில அசையறது எதுன்னு யோசிச்சுப் பாரு, அந்தப் பால் ஒண்ணுதான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். 2022ல ஸ்கேன் பண்ணி பாத்தப்ப தெரிய வந்தது, அந்தம்மா தலைக்குப் பின்னாடி முதல்ல ஜக்கு மாட்டற பலகை ஒண்ண வரைய ஆரம்பிச்சு அப்புறம் அது மேலயே பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கார். கால் பெட்டி இருக்கற மூலையிலயும் வேற ஒரு கூடை இருந்து காலி பண்ணியிருக்கார். அதாவது நீ பாத்த அந்த வெறும் சுவர், யோசிச்சு யோசிச்சு வெறுமையாக்கின சுவர். அதனால என்ன வரைஞ்சிருக்காங்கன்னு பாக்கற மாதிரியே எதை எடுத்துட்டாங்கன்னும் கேளு. அந்தப் பெரியவர் என்ன பாத்தார்னு எனக்கு எப்படித் தெரியும், ஆணியா கூட இருக்கலாம்.

பழைய ரோல் எழுதியது:

எதை நீக்கிட்டாங்கன்னு கேளுன்னு மேல சொன்ன பாயின்ட்தான் போட்டோவுக்கு உசிரு. ஓவியன் வெறும் துணியில ஒவ்வொண்ணா சேக்கறான், போட்டோ எடுக்கற நம்ம ஆளுக்கு முன்னாடி உலகமே கெடக்குது, அவன் கழிக்கணும்.

1932ல பாரிஸ்ல பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்த்தியே-பிரெசோன் எடுத்த ஒரு போட்டோ, ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னாடி தண்ணி தேங்கி நிக்குது, ஒருத்தன் தாவறான், குதிகால் தண்ணியத் தொட இன்னும் மயிரிழை பாக்கி. தேடிப் பாருங்க. எல்லாரும் அந்தக் குதிகாலைத்தான் சொல்வாங்க. நீங்க பின்னாடி சுவரைப் பாருங்க, அவன மாதிரியே கால விரிச்சுத் தாவற ஒரு டான்ஸர் போஸ்டர் ஒட்டியிருக்கு. இப்ப கட்டைவிரலால அந்தப் போஸ்டர மறைச்சுட்டுப் பாருங்க. ஒருத்தன் குட்டை தாண்டறான், அவ்ளோதான். விரலை எடுங்க. இந்தக் கட்டைவிரல் வேலைய எந்தப் படத்துக்கும் பண்ணலாம், கோடு போடறதவிட நூறு மடங்கு உபயோகம். வேலிப் பலகை சந்துல லென்ஸ நீட்டி எடுத்தது, ஓரத்துல பலகை மறைச்சதால போட்டோவுல அந்த ஓரத்த வெட்ட வேண்டியதாயிடுச்சு. எடுத்த ஃப்ரேம வெட்டவே கூடாதுன்னு பிடிவாதமா இருந்த ஆளு அவரு!

அடுத்து அமெரிக்க போட்டோகிராஃபர் டொரோதியா லாங் எடுத்தது, 1936, கலிஃபோர்னியா, பட்டாணி பறிக்க வந்த கூலிங்க தங்கின கேம்ப். தாடையில கைய வெச்சுக்கிட்டு ஒரு தாய், ரெண்டு தோள்லயும் சாஞ்ச ரெண்டு புள்ளைங்க. அதே இடத்துல அவங்க எடுத்த மத்த ஷாட்டும் நெட்ல கெடைக்குது, வரிசையா வெச்சுப் பாருங்க. தூரத்துலேருந்து எடுத்ததுல டென்ட், தட்டுமுட்டு சாமான், இன்னொரு பொண்ணு எல்லாம் இருக்கும், கிட்ட வர வர ஒவ்வொண்ணா கழண்டுடும். கடைசியில புள்ளைங்க மூஞ்சிகூட இல்ல, முதுகு காட்டி நிக்குதுங்க. அதனாலதான் நம்ம கண்ணு அந்த ஒரு முகத்த விட்டு எங்கயும் போக முடியாம மாட்டிக்குது. ஆனா இதையும் தெரிஞ்சுக்கணும், அந்தம்மா பேரு ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன், உலகத்துக்கு அது தெரிய வந்ததே 1978ல. அந்தப் போட்டோவால தனக்கு ஒரு பைசா வரலன்னு நொந்துக்கிட்டாங்க. இது தெரிஞ்சப்புறம் அந்தப் போட்டோவ என்னால பழைய மாதிரி பாக்க முடியல.

நானும் 18 வருஷம் கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவன். ஒரு கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துல பொண்ணோட அப்பா முகத்த எடுத்துட்டேன், தாலி ஃப்ரேம்லயே இல்ல. நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன், பாக்கி பணத்துலயும் கழிச்சுட்டாங்க. இன்னிக்கும் நான் எடுத்ததுல உருப்படி அது ஒண்ணுதான்னு நெனைக்கிறேன்.

உப்புமா கம்பெனி எழுதியது:

ஒரு ஆணிக்கு இவ்ளோ பில்டப்பா 😂 புடிச்சா பாரு, புடிக்கலன்னா நகரு ப்ரோ. சாப்பாட்ட யாராவது அனலைஸ் பண்ணிட்டா சாப்பிடறாங்க?

கரித்துண்டு எழுதியது:

ரசத்துல பெருங்காயம் தூக்கலா இருந்தா சொல்வீங்களா மாட்டீங்களா சார்? அதேதான் இது.

சந்தனப்பொட்டு எழுதியது:

எல்லாரும் ஃபாரின் படமாவே சொல்றீங்களே, மொட்டைமாடி தம்பி, உங்க வீட்டு பூஜை ரூம்லயே பாடம் இருக்கு. ரவி வர்மா சரஸ்வதி காலண்டர் இல்லாத வீடு கம்மி, கூட ஒரு தஞ்சாவூர் படமும் இருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ரவி வர்மா ஆயில் பெயின்டிங் ஸ்டைல எடுத்துக்கிட்டவர், அதனால சரஸ்வதி புடவை மடிப்புல நிழல் விழும், பாறையில உக்காந்திருக்கற கனம் தெரியும், ஒரு நெஜப் பொண்ணு வீணையோட உக்காந்த மாதிரியே இருக்கும். தஞ்சாவூர் படத்துல நிழலத் தேடாதீங்க, கிருஷ்ணர் குண்டா நடுவுல பெருசா இருப்பார், சுத்தி இருக்கறவங்க சின்னதா இருப்பாங்க. அது வரையத் தெரியாம இல்ல, அங்க யாரு முக்கியமோ அவங்க பெருசு, அதான் கணக்கு. நான் ரொம்ப நாள் இது பொம்மை மாதிரி இருக்கே, நெஜம் மாதிரி இல்லையேன்னு குறையா நெனச்சிருக்கேன். ஒரு நாள் கரன்ட் போய் பூஜை ரூம்ல குத்துவிளக்கு மட்டும் எரியும்போது பாத்தேன், மேடு மேடா ஒட்டின தங்க ரேக்கு சுடர் ஆட ஆட மின்னுது, படத்துக்குள்ளேருந்தே வெளிச்சம் வர்ற மாதிரி. ட்யூப்லைட்ல பாத்துட்டு குறை சொல்லிட்டு இருந்திருக்கேன் இத்தன வருஷமா. ஒவ்வொரு படத்துக்கும் அதுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, வேற படத்தோட சட்டத்த எடுத்துட்டுப் போய் அளக்காதீங்க.

மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், இவ்ளோ பேர் இவ்ளோ பொறுமையா சொல்வீங்கன்னு நெனைக்கல. பழைய ரோல் அண்ணா, அந்த அப்பா போட்டோ இருந்தா போடுங்களேன், முகத்த மறைச்சுட்டாவது. முகத்த மறைச்சா அதுல என்ன இருக்கும்னு கேக்காதீங்க, டைப் பண்ணப்புறம்தான் எனக்கே உறைச்சுது.

நேத்து நைட்டு லேப்டாப்ல தொறந்து வெச்சு லிஸ்ட் எழுதினேன். நாலு நிமிஷத்துலயே போர் அடிச்சுது, உண்மைய சொல்லிடறேன், நடுவுல ரெண்டு தடவ வாட்ஸ்அப் போயிட்டு வந்தேன். 23 ஐட்டம் வந்துச்சு. கரித்துண்டு சார், 19வது ஐட்டம் நீங்க சொல்லவே இல்ல, ஜன்னல்ல ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கு! என் போன்ல எடுத்ததுலயும் ஜூம் பண்ணிப் பாத்தேன், அதுலயும் இருக்கு, ஒரு மாசமா என் பாக்கெட்லயே இருந்திருக்கு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமா?

கரித்துண்டு எழுதியது:

தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், நீ தெரியாமலே கண்டுபுடிச்சல்ல, விடு. கண்ணாடி உடைஞ்சதோட நிறுத்திடாத, அந்த ஓட்டை வழியா உள்ள வர்ற வெளிச்சம் எது மேல போய் விழுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு.