கபுக் குழியில் குப்பை நிரப்பிடம்: 5 துளை போதுமா?

மண்கட்டி: இலங்கையில் அவிசாவளைப் பக்கம் கபுக் (கட்டடக் கல்லாக வெட்டும் செம்பூரான் கல்) வெட்டிக் கைவிட்ட 4 ஹெக்டேர் குழியில் குப்பை கொட்டும் யோசனை இருக்கிறது. ஆய்வுத் திட்டம் இதுதான்: 10 மீ ஆழத்தில் 5 துளை, எஸ்பிடி (சுத்தியலால் அடித்து, குழாய் இறங்க எத்தனை அடி வேண்டும் என எண்ணும் சோதனை), ஆய்வுகூடத்தில் நீர் ஊடுபுகவிடும் சோதனை. என்னைக் கேட்டால் போதும். 2017 ஏப்ரல் 14இல் கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்த இடத்தில் அடியில் இருந்தது இளகிய பீட் மண் (செடிகொடி அழுகிச் சேர்ந்த சதுப்பு மண்). இது மேட்டுநிலம்.

கருங்கல்: சரியும் ஆபத்து குறைவுதான். கசியும் ஆபத்து கூட. கபுக்கை உடைத்துப் பாருங்கள், உள்ளே குழல் குழலாக ஓட்டைகள். ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்வது உடையாத கெட்டித் துண்டு மட்டும். ஓட்டையுள்ள பகுதி எடுக்கும்போதே நொறுங்கிவிடும். ஆகவே எண் நல்லதாகவே வரும், நிலத்தில் தண்ணீர் அதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு வேகமாகப் போகும். துளைக்குள்ளேயே நீர் ஊற்றி மட்டம் இறங்கும் வேகத்தை அளக்க வேண்டும். பாறையில் பேக்கர் சோதனை (துளையின் ஒரு பகுதியை அடைத்து, அழுத்தத்தில் நீர் செலுத்திக் கசிவை அளப்பது) வேண்டும்.

மண்கட்டி: அடியில் 60 செ.மீ அமுக்கிய களி, நீர் ஊடுபுகவிடும் அளவு 10⁻⁹ மீ/செக்கன். அதற்குமேல் 1.5 மி.மீ எச்டிபிஈ (கெட்டிப் பிளாஸ்டிக்) விரிப்பு. பிறகு கபுக்கின் ஓட்டையைப் பற்றி ஏன் கவலை?

கருங்கல்: விரிப்பு ஒட்டுத் தையலில் விடும், கல் குத்திக் கிழியும். இன்னொன்று, குப்பை ஏறுமுன் நிலத்தடி நீர் எழும்பினால் அந்த 60 செ.மீ களியின் எடை ஏறக்குறைய 1.1 மீ நீர் உயரத்தின் அழுத்தத்தைத்தான் தாங்கும். அதற்குமேல் போனால் தரையே வீங்கும். பெப்ரவரியில் அளந்த மட்டத்தை வைத்து அடித்தளம் போடுவது அதனால்தான் தப்பு. அங்கே வருடம் 3000 மி.மீக்கு மேல் மழை.

நீர்மட்டம்: அண்ணா, எனக்கு 10 மீ என்பதிலேயே பிரச்சினை. கபுக்குக்கு அடியில் உள்ள நைஸ் என்ற கெட்டிப் பாறை சீராக உக்குவதில்லை, நடுவில் உருண்டைக் கற்கள் மிஞ்சும். 6 மீட்டரில் எஸ்பிடி அடி எண்ணிக்கை 50ஐத் தாண்டியதும் "பாறை வந்துவிட்டது" என்று பதிவுத்தாளில் எழுதிவிடுகிறார்கள், அடியில் இன்னும் உக்கிய மண் கிடக்கும். குறைந்தது 3 மீ தொடர்ச்சியாகக் கருவெடுத்தால்தான் (பாறையை உருளைத் துண்டாக வெட்டியெடுத்தால்தான்) நம்பலாம். முதலில் மின்தடைக் கோடுகள் ஓட்டுங்கள் (நிலத்தில் மின்னோட்டம் செலுத்தி, அது எவ்வளவு தடுக்கிறது என ஒரு கோட்டில் அளப்பது), சந்தேகமான இடத்தில் துளை போடுங்கள். கட்டம் கட்டி 5 துளை போட்டால் பாறை வெடிப்பு துளைகளுக்கு நடுவில் தப்பிவிடும். மின்தடையை மட்டும் நம்பவும் கூடாது. ஈரக் களியும் நீர் நிறைந்த உக்கிய பாறையும் ஒரே மாதிரிக் குறைவாகக் காட்டும்.

வேலை முடிந்ததும் அடியிலிருந்து குழாய் வழியாகச் சிமெந்து, பென்டனைட் (நீர் பட்டால் ஊதும் களி) கலவையை ஏற்றித் துளையை மூடவேண்டும். மண்ணைத் தள்ளி மூடினால் குப்பைச் சாறு இறங்க நாமே வழி வெட்டியதாகிவிடும்.

மண்கட்டி: உருண்டைக் கல் விஷயம் சரி, ஆழத்தைக் கூட்டலாம். 3 துளையைப் பீசோமீட்டராக்கினால் (நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் குழாயாக்கினால்) சம்மதமா?

கருங்கல்: மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் நீர் ஓடும் திசை தெரியாது, முக்கோணமாக வையுங்கள். ஒரு மூலையிலாவது கபுக்கில் ஒன்று, உக்கிய பாறையில் ஒன்று என இரண்டு ஆழம் வேண்டும். துளையிட்ட குழாய்ப் பகுதி 1.5 மீ, சுற்றி மணல், மேலே 1 மீ பென்டனைட் அடைப்பு. அடைப்பு சரியில்லாவிட்டால் மழைநீர் நேரே இறங்கி மட்டம் பொய் சொல்லும். முதல் லொறி வருமுன் குளோரைட், அமோனியா, மின்கடத்துதிறன் அளந்து வைக்கவேண்டும். களனி கங்கையில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை இந்த இடத்துக்குக் கீழே இருக்கிறது.

மண்கட்டி: அளவீடு ஒக்டோபர், நவம்பர் மழைக்கு மட்டும் போதும் என்பேன். ஒரு வருடம் இழுத்தால் குப்பை திரும்பச் சதுப்பு நிலத்துக்கே போகும்.

நீர்மட்டம்: மே, ஜூன் தென்மேல் பருவமழையை விட முடியாது, அந்தப் பக்கம் பெரிய மழை அதுதான். இரண்டையும் பிடிக்க ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிக்கலாம். பீசோமீட்டருக்குள் தானியங்கி அளவி போட்டுவிட்டு, இடைப்பட்ட மாதங்களில் விரிப்பு வரைபட வேலையைப் பாருங்கள்.